மாலும் கொண்டியும்

மால் என்றால் இன்று பிள்ளைகளுக்குக் கடைகள் நிறைந்த கட்டடம். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு அது டிரங்குப் பெட்டி. 1954இல் அப்பா சைகோனிலிருந்து கப்பலில் கொண்டுவந்த தகரப் பெட்டி, இப்போது காரைக்குடியில் மகள் வீட்டில் என்னோடு இருக்கிறது. உள்ளே அப்பாவின் கடிதங்கள், அம்மாவின் ஒரு பட்டுச்சேலை.

போன மாதம் கொண்டி நாதாங்கியில் மாட்டவில்லை. இரண்டு நாள் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். கொண்டி வளைந்ததுதான் மிச்சம். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய பொருள் வாங்கும் ஒருவர், “கொண்டி போச்சுன்னா பாதி விலைதான் ஐயா” என்றார். வெறுப்பில் கொடுத்துவிடத் தலையாட்டிவிட்டேன்.

மகள்தான் தடுத்து, பட்டறைக்காரர் ஒரு பெரியவரை அழைத்து வந்தாள். அவர் கொண்டியைப் பார்க்கவே இல்லை. பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

“கீல்ல ரிவிட் தேஞ்சு மூடி ஒரு பக்கமா இறங்கிருச்சு. கொண்டி என்ன பண்ணும், பாவம்?”

தேய்ந்த ரிவிட்டை வெட்டியெடுத்து, உள்ளே வாஷர் வைத்து, புதிதாக அடித்தார். வளைந்த கொண்டியையும் நிமிர்த்தினார். அரைமணி நேர வேலை.

உங்கள் வீட்டுப் பெட்டியோ கார் டிக்கியோ பூட்டவில்லையென்றால், முன்னால் தட்டுவதற்கு முன் பின்னால் கீலைப் பாருங்கள். என் கொண்டியில் சுத்தியல் தழும்பு மூன்று இருக்கிறது. அப்பா இருந்திருந்தால் திட்டியிருப்பார்.