ஆத்தாவுக்கு ஜன்னல் பக்கம்

சித்தப்பாவுக்கு அறுபத்திரெண்டு வயசு. ஜெயமங்கலத்தில் இன்னும் எல்லாருக்கும் 'தம்பி'தான். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குப் பழசு எதுவும் நிக்காது என்று ஒரு நினைப்பு. 'சாப்ட்டியா?' தவிர யாரும் அவரிடம் எதையும் கேட்பதில்லை.

முதியவர்கள் பழசைப் பேசுவது மூளைத் தளர்ச்சி அல்ல, வாழ்ந்ததைத் திரும்பிப் பார்ப்பது என்று 1963-இல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் எழுதினார். சித்தப்பா மாதிரி ஆட்களிடம் அதற்குக் கேள்வி உதவாது. 'எந்த வருஷம்?' என்றால் பரீட்சை ஆகிவிடும். தொட, மோந்து பார்க்க ஏதாவது வேண்டும்.

அப்பத்தா போய் எட்டு மாசம். அவர் முன்னால் அந்தப் பேச்சே கூடாது என்பது வீட்டு முடிவு. நான் அவளுடைய வெத்தலைப் பெட்டியை அவர் மடியில் வைத்தேன். திறந்து மோந்தார். வெகுநேரம் கழித்து, 'கூ...' என்றார். அத்தைக்குத்தான் புரிந்தது. தேனியில் மீட்டர்கேஜ் ரயிலேறி அப்பத்தா அவரை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவாளாம். 2010 கடைசியோடு நின்ற ரயில் அது. அகலப்பாதையில் தேனிக்குத் திரும்பி வர 2022 ஆனது.

'ஆத்தாவுக்கு ஜன்னப் பக்கம்' என்று திண்ணையில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.

'ஆத்தா செத்துப்போச்சு சித்தப்பா.'

'தெரியும். என்னைய ஏன் சுடுகாட்டுக்குக் கூட்டிப்போகல?'

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். 'எந்திரி தம்பி, போவோம்.'