காகிதம் சுற்றிய குண்டும் 'இங்கே இப்படித்தான்' என்ற சொல்லும்

ஆஸ்திரேலியாவுக்குக் குடிவந்த தமிழர் காதில் அடிக்கடி விழும் சொல், 'இங்கே இப்படித்தான்'. வேலையிடத்துச் சீருடையில் தொடங்கி அலுவலக விருந்து வரைக்கும் அது வரும். அதற்குள் இரண்டு பொருள் ஒளிந்திருக்கிறது: வேலை நடக்க இது தேவை என்பது ஒன்று, இதுவரை இப்படியே பழகிவிட்டோம் என்பது மற்றது. இரண்டையும் பிரித்துக் கேட்பது குடிவந்தவரின் உரிமை என்பேன். அதற்குச் சான்றாக நான் எடுத்துக்கொள்வது, பழைய பாணிக் கருமருந்துத் துப்பாக்கிகளுக்கான காகிதம் சுற்றிய ஈயக்குண்டை.

நியூ சவுத் வேல்ஸிலும் விக்டோரியாவிலும் இந்தத் துப்பாக்கிகளைச் சுடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டபின் வந்த சட்டங்களின்படி அதற்கு உரிமமும் தகுந்த காரணமும் வேண்டும். தற்காப்பு காரணமாகாது, குறிபார்த்துச் சுடும் விளையாட்டு காரணமாகும். அவர்கள் வேலையில் பாதி தையற்காரர் வேலை. ஈயம் இருபது பங்குக்கு வெள்ளீயம் ஒரு பங்கு என்பதுபோலக் கலந்து மென்மையான குண்டு வார்ப்பார்கள். பருத்திக் கந்தலில் செய்த மெல்லிய காகிதத்தை இரு முனையும் சாய்வாக வெட்டி, ஈரமாக்கி, குண்டின்மேல் இரண்டு சுற்றுச் சுற்றுவார்கள். முனைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது, நடுவே இடைவெளியும் விழக்கூடாது. அடியில் மிஞ்சும் விளிம்பை மடித்தோ முறுக்கியோ காயவைத்தால், காகிதம் சுருங்கித் தோல்போல இறுகிவிடும். இப்படிச் சுற்றிய குண்டு குழலுக்குள் தடையில்லாமல் வழுக்கிப் போகும் பருமனாக இருப்பது ஒரு முறை. மருந்து வெடிக்கும் வேகத்தில் மென்மையான ஈயம் பருத்து, குழலின் உட்புறத் திருகு வரிகளை நிரப்பும். குழல்வாயைத் தாண்டியதும் காகிதம் கிழிந்து உதிரும். அந்தத் துண்டுகளைப் பொறுக்கிப் பார்ப்பதே பாடம்: வரித்தடத்தில் சீராகக் கிழிந்திருந்தால் எல்லாம் பொருந்தியது, கருகிக் குதறியிருந்தால் எங்கோ பிசகு. குண்டை வழுக்கவைக்கத் தடவும் பசை எதற்கு என்றால், கருமருந்து எரிந்து குழலில் விட்டுப்போகும் கரியை இளக்கமாக வைத்திருப்பதற்கு. கோடையின் வறண்ட காற்றில் அந்தக் கரி ஓடுபோல இறுகி அடுத்த குண்டைக் கெடுத்துவிடும். ஆகவே பசை கட்டாயம் வேண்டும். ஆனால் எந்தப் பசை என்பது வேறு கேள்வி. தேன்மெழுகோடு தாவர எண்ணெய் சேர்ப்பவரும் உண்டு, ஆட்டுக்கொழுப்பு சேர்ப்பவரும் உண்டு.

இந்த இரண்டு கேள்விகளையும் 1857இல் இந்தியாவில் ஆங்கிலேயர் ஒன்றாகக் குழப்பினார்கள். 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கியின் குழல் .577 அங்குலம். அதன் தோட்டா ஒரு காகிதக் குழாய். சிப்பாய் அதைப் பல்லால் கடித்து மருந்தைக் கொட்டிவிட்டு, பசை தடவிய காகிதத்தோடேயே குண்டை இறக்கவேண்டும். அந்தப் பசை மாட்டுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் என்ற பேச்சு ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டமில் கிளம்பியது. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 85 குதிரைப்படையினர் தோட்டாவை வாங்க மறுத்தார்கள். மே 10 அன்று எழுச்சி வெடித்தது. இதை மூடநம்பிக்கைக்கும் அறிவியலுக்கும் நடந்த சண்டையாகச் சொல்பவர்கள் துப்பாக்கியைப் பார்க்கவில்லை. துப்பாக்கி கேட்டது வழுக்கலை மட்டுமே. கொழுப்புத்தான் வேண்டும் என்று அது கேட்கவில்லை.

அரசு இறங்கிவந்ததே, சிப்பாய்களே தமக்குப் பிடித்த பசையைத் தடவிக்கொள்ளலாம் என்று ஜனவரி முடிவதற்குள் சொன்னதே, பிறகும் மறுத்தார்களென்றால் பசை வெறும் சாக்குத்தானே என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. அவுத் அரசை 1856இல் விழுங்கியதும், புதிதாகச் சேர்பவர் கடல்கடந்தும் போகவேண்டும் என்று அதே ஆண்டு சட்டம் வந்ததும் சிப்பாய்களின் மனத்தில் இருந்தன. ஆனால் கேட்காமல் திணித்துவிட்டுப் பிறகு விட்டுக்கொடுத்தால், அந்த விட்டுக்கொடுத்தலே சந்தேகத்துக்கு உரம். பசைக்கு அனுமதி வந்ததும் காகிதத்தின் மினுமினுப்பிலேயே கொழுப்பைத் தேடினார்கள். நம் வேலூரில் 51 ஆண்டுகளுக்கு முன்பே, 1806 ஜூலை 10 அன்று, இதே பாடம் இரத்தத்தில் எழுதப்பட்டிருந்தது. அங்கே காரணங்களில் ஒன்று தோல் பதித்த புதுத் தலைப்பாகை. சிப்பாய்களின் எழுச்சிக்குப்பின் அந்த உத்தரவை எடுத்தார்கள். ஆளுநர் பென்டிங்கைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். படை அதனால் குலைந்துவிடவில்லை.

இன்னொரு மறுப்பு எனக்கு அதைவிடக் கனமாகப்படுகிறது. சிப்பாய் தன் மண்ணில் அடிமைப்பட்டவன். சிட்னிக்கும் மெல்பர்னுக்கும் விரும்பி வந்த நாம் அவனோடு நம்மை ஒப்பிடலாமா? அநியாயத்தின் அளவில் ஒப்பிட முடியாது, ஒப்பிடவும் கூடாது. ஆனால் விரும்பி வந்தவருக்குப் பொறுப்பு ஒருபடி கூடுகிறது: பசை என்ன வேலை செய்கிறது என்று முதலில் கற்றுக்கொள்ளவேண்டும். கரி ஏன் இறுகுகிறது என்று தெரியாதவர், கொழுப்பு வேண்டாம் என்று மட்டும் சொன்னால் அது புகார். தெரிந்தவர் மெழுகை நீட்டிச் சொன்னால் அது யோசனை. வேலையிடத்திலும் இதேதான்: சீருடை காப்பது தலையையா, நிறுவனத்தின் பழக்கத்தையா என்று கேட்பதற்குமுன் அந்த வேலையின் ஆபத்தை அறிந்திருக்கவேண்டும்.

வந்தவர் ஒவ்வொருவருக்காகவும் முறையை மாற்றினால் முறையே மிஞ்சாது என்பவர்களுக்கு, அந்தப் பிரிட்டிஷ் பேரரசின் கிடங்கே பதில் வைத்திருக்கிறது. வெப்பத்தில் கொழுப்பு உருகிக் காகிதத்தில் ஊறிக் காணாமல் போவதைக் கண்டபின், அவர்கள் என்ஃபீல்டு பசையில் தேன்மெழுகையே பெரும்பங்காக்கினார்கள். 1871இல் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கி வந்தபோது, அதன் தோட்டாவில் காகிதம் சுற்றிய குண்டுக்கடியில் தேன்மெழுகு வில்லை ஒன்றையே வைத்தார்கள். 1885 மார்ச் 3 அன்று சிட்னி சர்க்குலர் கீயிலிருந்து சூடானுக்குக் கப்பலேறிய நியூ சவுத் வேல்ஸ் படையினர் தோளில் தொங்கியது அந்தத் துப்பாக்கிதான்.