தலையணைக்கு மேலே

களக்காட்டுக்கு மேற்கே மலையடிவாரத்தில் ‘தலையணை’ என்று ஓர் இடம் இருக்கிறது. நேயர்கள் பஞ்சுத் தலையணையை நினைத்துக்கொள்ள வேண்டாம். மலையை விட்டு இறங்கும் பச்சையாற்றின் குறுக்கே கட்டிய அணை அது. வாழைத் தோட்டங்களைக் கடந்து, வனச் சாவடியில் அனுமதி பெற்று நாம் சென்றபோது, அணைமீது வழிந்த ஜலம் கண்ணாடிபோல் இருந்தது. ஒரு முழுக்குப் போட்டதும் சற்று நேரம் பேச்சே எழவில்லை, அவ்வளவு குளிர்ச்சி!

அணைக்கு மேலுள்ள காடு, சிங்கவால் குரங்குகளை முன்னிட்டு 1976-இல் சரணாலயமாயிற்று. 1988-இல் முண்டந்துறையுடன் சேர்ந்து, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாயிற்று. குரங்குக்கும் புலிக்கும் இடம் கிடைத்தது, சரி. அதே மலையில் விறகு பொறுக்கித் தலைச்சுமையாகக் கொண்டுவந்து விற்று, அன்றாடம் அரிசி வாங்கிய ஸ்திரீகள் என்ன செய்வார்கள்?

அமெரிக்காவில் பொருளாதார மந்தம் தலைவிரித்தாடிய 1933-ஆம் வருஷம், ரூஸ்வெல்ட் வேலையற்ற வாலிபர்களைக் காடுகளுக்கும் பூங்காக்களுக்கும் அனுப்பினார். மரம் நட்டார்கள்; பாதை போட்டார்கள். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் நேரே வீட்டுக்குப் போய்விடும். 1942 வரை சுமார் 30 லட்சம் பேர் இப்படிப் பிழைத்தார்கள்.

களக்காட்டிலோ கதை தலைகீழ். காட்டுக்குள் போவதற்கல்ல, போகாமல் இருப்பதற்குப் பணம்! 1990-களின் பிற்பகுதியில், உலக வங்கியின் உதவியுடன், மலையோரக் கிராமங்கள் நூற்றுக்கு மேற்பட்டவற்றில் வனக் குழுக்கள் ஏற்பட்டன. பசு வாங்கவும் சிறு தொழில் நடத்தவும் குழு கடன் கொடுக்கும். திரும்பி வரும் பணம் சர்க்கார் கஜானாவுக்குப் போகாது; ஊரிலேயே இருந்து அடுத்தவருக்குக் கடனாகும். இந்த ஏற்பாடு நமக்கு மிகவும் பிடித்தது. தர்மம் வாங்குகிறோம் என்ற கூச்சம் இதில் இல்லை அல்லவா?

“பசு வந்த பொறவு நான் மலைப் பக்கமே போவலை, ஐயா” என்றார் ஓர் அம்மாள். அடுத்த வீட்டுக்காரியோ, “மாடு கட்ட எனக்கு எடம் ஏது?” என்று கேட்டாள். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. கடன் வாங்கவும் கொஞ்சம் வசதி வேண்டியிருக்கிறது. நிலமில்லாதவளுக்குக் கடனைவிடக் கூலி வேலையே மேல் என்பது நமது அபிப்பிராயம்.

பொழுது சாயும் நேரத்தில் திரும்பினோம். வாழைத் தோட்ட வரப்பில், விறகுக் கட்டுடன் ஒரு கிழவி எதிரே வந்தாள். எங்கே பொறுக்கியது என்று நாம் கேட்கவில்லை.