யாவர்க்கும் ஒரே விதி

சென்ற பருவத்தில் யான் செய்த பிழையொன்றும் அதனாற் பெற்ற அறிவும் நம் கலாசாலை மாணவர்க்குப் பயன்படக்கூடுமென்று கருதி இதனை எழுதுகின்றேன்.

எங்கள் வகுப்பில் மாணவர் 62 பேர். கணிதத் தேர்வில் 50-க்குப் பெற்ற மதிப்பெண்களை 100-க்கு மாற்றி, வினாத்தாளில் நேர்ந்த பிழையொன்றின் பொருட்டு ஒவ்வொருவர்க்கும் 4 மதிப்பெண் கூட்டித் தருமாறு ஆசிரியர் என்னைப் பணித்தார். 48-க்கு மேற் பெற்றார் எவருமிலராதலின் அதில் இடரொன்றும் இல்லை.

பைதான் என்னும் கணிப்பொறி மொழியில் ‘மேப்’ என்றொரு கருவி உண்டு. ஒரு பட்டியலையும், அதன் ஓர் உறுப்புக்குச் செய்யவேண்டுவதைக் கூறும் சார்பு ஒன்றையும் அதனிடம் கொடுத்தால், அச்சார்பினை ஒவ்வோர் உறுப்புக்கும் செலுத்தி, அதே வரிசையில் அத்தனையே விடைகளைத் தரும். இம்முறை புதிதன்று. ஜான் மெக்கார்த்தி என்னும் அமெரிக்க அறிஞர் லிஸ்ப் மொழியை விளக்கி 1960-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே இதன் முன்னோடியாகிய ‘மேப்லிஸ்ட்’ காணப்படுகின்றது.

யான் எழுதிய சார்பு எண்ணை இரட்டித்து நான்கைக் கூட்டும். 18 என்பது 40 ஆகும். 31 என்பது 66 ஆகும். ஆயின் பட்டியலில் இரண்டு இடங்கள் வெறுமையாக இருந்தமையால் வேலை நடுவே நின்றது. யான் சிறிதும் ஆராயாது, வெற்றிடத்தைச் சுழியமாகக் கொள்க என்று சார்பிற் சேர்த்தேன். இமைப்பொழுதில் 62 விடைகளும் வந்தன. என் திறமையை யானே வியந்தேன்.

மறுநாள் மாலை விடுதித் தோழர் ஒருவர் என் அறைக்கு வந்தார். அவர் காய்ச்சலாற் படுத்திருந்து அத்தேர்வினை எழுதாதவர்.

“எழுதாத தேர்வுக்கு நான்கு மதிப்பெண் ஈந்த வள்ளல் நீர்தாமோ?” என்றார்.

யான் நகைத்தேன், அவர் நகைக்கவில்லை. தேர்வுக்கு வாராதவர்க்கு அடுத்த நாட் காலையில் மறுதேர்வு. அதற்குரிய பட்டியலில் அவர் பெயர் இல்லை. என் கணக்கின்படி அவர் வந்து எழுதித் தோற்றவர்!

இருவரும் ஆசிரியர் இல்லத்துக்கு விரைந்தோம். மேப் புதிய விடைகளைத் தருமேயன்றிப் பழைய பட்டியலை மாற்றுவதில்லை; ஆதலின் மூலப் பட்டியல் வெற்றிடங்களோடு அவ்வாறே இருந்தது. வெற்றிடங்களை முன்னரே நீக்கிவிடலாமே என்றேன்.

“நீக்கினால் விடைகள் 60 தாம் வரும். அவற்றை 62 பெயர்களுக்கு நேரே வைத்தால் ஒருவர் மதிப்பெண் மற்றொருவர்க்குச் சென்றுவிடும்” என்று ஆசிரியர் விளக்கினார்.

ஆகவே சார்பினையே திருத்தினேன்: எண் இருப்பின் இரட்டித்து நான்கு கூட்டுக, இல்லையேல் ‘வரவில்லை’ என்று தருக. இரண்டு பெயர்களும் வெளிப்பட்டன. மற்றவர்க்கும் அன்றிரவே செய்தி அனுப்பினோம். இருவரும் காலையில் தேர்வெழுதினர்.

கருவி தன் கடமையைப் பிழையின்றியே செய்தது. அதற்கு ஒருவர் முகமும் தெரியாது; நாம் கொடுத்த விதியை யாவர்க்கும் ஒன்றுபோற் செலுத்தும். ஆதலின் வாராதவனுக்கும் தன் விதியில் ஓரிடம் வைத்தல் விதி செய்வோன் கடனென்று அன்று உணர்ந்தேன்.