திண்ணையும் வாடகையும்

செட்டிநாட்டு மாளிகைகளைக் காணும் ஆவலுடன் காரைக்குடிப் பக்கம் சென்றோம். பழைய வீடொன்றைச் சிறு விடுதியாக மாற்றியிருந்தார்கள், அதில் தங்கினோம். பர்மாத் தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிப் பூக்கற்கள், வானம் பார்த்த முற்றம் எல்லாம் இருந்தன. ஓரிரவுக்கு வாடகை 12,000 ரூபாய். அதன்மேல் 18 சதவீத வரி.

குழாயில் வெந்நீர் வரவில்லை. மின்விசிறியோ காற்றைவிடச் சத்தத்தையே தாராளமாக வழங்கிற்று. காப்பி ஆறி வந்தது. குறையைச் சொன்னோம். "பாரம்பரியக் கட்டடம், ஸார்!" என்று விடை கிடைத்தது.

மறுநாள் உச்சிவெயிலில் அடுத்த தெருவில் நின்றோம். முன்பின் அறியாத ஆச்சி ஒருவர் எங்களைத் திண்ணையில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். அதற்கு வாடகையும் இல்லை, வரியும் இல்லை.

தேக்கையும் கல்லையும் அரும்பாடுபட்டுக் காப்பாற்றியவர்கள், அந்த மோரையும் சேர்த்துக் காப்பாற்றியிருக்கலாகாதா?