படிக்கலாம், திருத்தக் கூடாது

என் நாவலின் 16-ம் அத்தியாயத்தைப் படிக்க எனக்கு அனுமதி இருந்தது. வேண்டுமானால் அச்சடித்துக்கொள்ளவும் அனுமதி இருந்தது. அதில் ஒரு காற்புள்ளியை எடுக்கத்தான் அனுமதி இல்லை. கம்ப்யூட்டர் திரையின் மேற்புறத்தில் ஒரு பட்டை போட்டு, இந்தச் சேதியை வெகு மரியாதையாக எழுதியிருந்தார்கள். நானும் எத்தனையோ பத்திரிகை ஆசிரியர்களைப் பார்த்தவன். இவ்வளவு கண்டிப்பானவர் ஒருவரையும் பார்த்ததில்லை.

ஆறு வருஷம் உழைத்த என் பழைய லாப்டாப் ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி கண்ணை மூடிவிட்டது. ரிப்பேர்க்காரர் பின்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "மதர்போர்டு போயிடுச்சு சார்" என்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் சொல்கிற தோரணையில் சொன்னார். நாவல் பிழைத்தது, பென் டிரைவில் ஒரு பிரதி இருந்தது. புது லாப்டாப் வாங்கினேன். எழுதுவதற்கான மென்பொருளுக்கு மறுபடி பணம் கட்ட வேண்டியிராது என்று எண்ணம். நாலு வருஷத்துக்கு முன்பே முழு விலை கொடுத்து வாங்கியிருந்தேனே! ஓர் அட்டையில், ஐந்தைந்தாகப் பிரித்து, 25 எழுத்து. அந்த அட்டையை அம்மாவின் பென்ஷன் புஸ்தகத்துக்குள் வைத்துப் பத்திரப்படுத்தியிருந்தேன்.

மென்பொருளை இறக்கி நிறுவுவதற்கு ஒரு மத்தியானம் போயிற்று. அப்புறம் கணக்கைக் கேட்டது. கணக்குக்குக் கடவுச்சொல்லைக் கேட்டது. கடவுச்சொல்லை மறந்தவனுக்கு ரகசிய எண் அனுப்புவதாகச் சொல்லி, நான் விட்டொழித்த பழைய மொபைல் நம்பருக்கு அனுப்பியது. அதையெல்லாம் ஒருவழியாகத் தாண்டி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, 'பி'யா எட்டா என்று தடவித் தடவி 25 எழுத்தையும் அடித்து முடித்தேன். 'இந்த உரிமம் ஏற்கனவே வேறொரு கணினியில் உபயோகத்தில் இருக்கிறது' என்று பதில் வந்தது.

சில நாள் எழுத விட்டது. அப்புறம் பட்டை வந்தது. படிக்கலாம், திருத்தக் கூடாது.

இதில் எனக்கு என்ன அவசரம் என்று சொல்ல வேண்டும். நாவல் ஒரு வாரப் பத்திரிகைக்கு. வியாழக்கிழமை அத்தியாயம் போயாக வேண்டும். அது மட்டும் என்றால் ஆசிரியரிடம் பல்லைக் காட்டி ஒரு வாரம் தவணை வாங்கியிருப்பேன். அம்மாவுக்குக் கண் சரியில்லாததால், ஒவ்வோர் அத்தியாயத்தையும் அனுப்புவதற்கு முன் அவளுக்குப் படித்துக் காட்டுவது வழக்கம். 16-ம் அத்தியாயத்தில் ஒரு கணவன் தன் மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்கிறான். அப்பா அம்மாவிடம் சொன்னது. நான் அடுத்த அறையில் பாடம் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு 12 வயசு. முப்பது வருஷம் கழித்து அந்த வரி தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. படித்துக்கொண்டே வந்தவன் அந்த இடத்தில் வேகமாகப் போய்விடலாம் என்று பார்த்தேன். நடக்கவில்லை.

"அதை எடுத்துடுடா" என்றாள் அம்மா. "கோவத்துல சொன்னது. நாலு பேர் படிக்கணுமா?"

எடுத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வரி என்ன என்பதை இங்கேயும் எழுதப்போவதில்லை. மறுநாள் காலையில்தான் பட்டை வந்தது. வரி திரையில் பளிச்சென்று தெரிகிறது. அச்சடித்து ஊருக்கெல்லாம் விநியோகிக்கலாம். அழிக்க மட்டும் முடியாது.

தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போய் அங்கேயுள்ள கம்ப்யூட்டரில் அழித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்த வரியோடு கூடிய கோப்பை அங்கே கொண்டுபோய்த் திறக்க எனக்கு மனசில்லை. தவிர, காசு கொடுத்து வாங்கியவனுக்கு ஒரு வீம்பு வருமே, அதுவும் இருந்தது.

கம்பெனிக்குப் போன் செய்தேன். முக்கால் மணி வாத்திய சங்கீதம். பிறகு ஒரு பெண், நல்ல தமிழில், பொறுமையாகப் பேசினாள். "பழைய மெஷின்லேருந்து லைசென்ஸை முதல்ல ரிலீஸ் பண்ணுங்க சார்."

"அது செத்துப் போச்சும்மா."

"புரியுது சார். அதை ஆன் பண்ணி, உள்ளே போய்..."

"ஆன் ஆகாது. அதைத்தான் செத்துப் போச்சுன்னு சொல்றேன்."

சற்று மௌனம். "அப்ப ஒரு ரிக்வெஸ்ட் போடறேன் சார். ஏழிலேருந்து பத்து வேலை நாள் ஆகும்."

அவள் மேல் எனக்குக் கோபமில்லை. எதிரே எழுதி வைத்திருப்பதைத்தானே அவள் சொல்ல முடியும்? அப்பா தபால் இலாகாவில் இருந்தவர். குடும்பப் பென்ஷனுக்காக அம்மா வருஷா வருஷம் நவம்பரில் தான் உயிரோடிருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். 2014-லிருந்து அதற்கு விரல் ரேகையைக் கருவியில் வைத்தால் போதும். உயிரோடிருப்பதை நிரூபிக்க அம்மாவுக்கு வழி இருக்கிறது. செத்துப் போனதை நிரூபிக்க என் லாப்டாப்புக்குத்தான் வழியில்லை.

அன்று ராத்திரி, கோபத்தில், நிறுவும்போது 'சம்மதம்' என்று அமுக்கிவிட்டுப் போன ஒப்பந்தத்தை முழுக்கப் படித்தேன். இந்த மென்பொருள் விற்கப்படவில்லை, உபயோகிக்க உரிமம் மட்டுமே தரப்படுகிறது என்று கண்டிருந்தது. எனக்கு ஒரு தினுசாகப் போய்விட்டது. இது நான் பேசுகிற பேச்சு அல்லவா? 2004-ல் என் முதல் நாவலை ஒரு பதிப்பாளருக்கு மொத்தமாக எழுதிக் கொடுத்தேன். வந்த பணம் ஒரு சீலிங் ஃபேனுக்கும் ஒரு தீபாவளிக்கும் சரியாயிருந்தது. நாவல் மூன்று பதிப்பு கண்டது; எனக்குச் சல்லி கிடையாது. அப்புறந்தான் 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தை வாங்கிப் படித்தேன். எழுதியவன் காலத்துக்குப் பின்னும் 60 வருஷம் உரிமை உண்டு. எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாமல் எழுதிக் கொடுத்தால் ஐந்து வருஷத்துக்குத்தான் செல்லும். அன்று முதல் யார் வந்தாலும், "நான் நாவலை விற்பதில்லை, ஒரு பதிப்புக்கு உரிமை தருகிறேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி வருகிறேன். அதையே இப்போது என்னிடம் இன்னொருவன் சொல்கிறான். எந்த முகத்தோடு சண்டை போடுவது?

ஆனாலும் படுத்த பிறகு ஒன்று தோன்றியது. என் புஸ்தகத்தைக் காசு கொடுத்து வாங்கியவர் அதைத் திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் போடலாம். ஓரத்தில் என்னைத் திட்டி எழுதலாம். வீடு மாறினால் கூடவே எடுத்துப் போகலாம். பழைய வீடு இடிந்துபோனதற்கு என்னிடம் அத்தாட்சி காட்ட வேண்டாம். முக்கியமாக, என் புஸ்தகம் அவர் வீட்டுக் கடிதங்களைப் பூட்டி வைத்துக்கொள்ளாது. மென்பொருள் அவர்களுடையது, சரி. வரி என்னுடையதுதானே? என்னுடையதுகூட இல்லை. அம்மாவுடையது.

புதன்கிழமை சாயங்காலம் அக்கா பிள்ளை வந்தான். அவனுக்கு இந்தத் தொழில்தான். கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "ஒரு காலத்துல இதுக்கெல்லாம் தனி விலையே கிடையாது மாமா. மெஷினோட சேர்த்துத்தான் குடுப்பா. 1969-லதான் ஐ.பி.எம். பிரிச்சு விக்கப் போறேன்னு அறிவிச்சது" என்று சொல்லிக்கொண்டே எதையோ இறக்கினான். லிப்ரே ஆபீஸ் என்று பெயர். 2010-ல் தொடங்கியதாம், இலவசம், 25 எழுத்து கேட்காது. அதன் கோப்பு வடிவம் 2006-லேயே சர்வதேசத் தர நிர்ணயம் பெற்றதாம். அதைப் பற்றி இன்னும் நிறையச் சொன்னான். என் காதில் ஏறவில்லை. அரைமணியில் அத்தியாயம் திறந்தது. பத்திகள் கொஞ்சம் இடம் பெயர்ந்திருந்தன, வீடு மாறிய சாமான் மாதிரி. வரியை எடுத்தேன். வேறு பெயரில் சேமித்துப் பத்திரிகைக்கு அனுப்பினேன்.

ராத்திரி அம்மாவுக்கு மறுபடி படித்துக் காட்டினேன். அந்த இடம் வந்து, தாண்டிப் போயிற்று. அவள் ஒன்றும் சொல்லவில்லை. முடித்து எழுந்தபோது, "அங்கே இப்போ கொஞ்சம் வெறிச்சுன்னு இருக்கு, இல்லையா?" என்றாள்.

"இருக்கட்டும்மா" என்றேன்.

உரிமம் பதினோராம் நாள் வந்தது. பட்டை மறைந்துவிட்டது. பழைய கோப்பைத் திறந்தேன். வரி இருந்த இடத்திலேயே இருந்தது. அதை அங்கேயும் அழிப்பதா என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து அம்மா, "என்னடா, உன் பொட்டிக்கு உசிர் வந்துடுத்தா?" என்று கேட்டாள்.

வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, அழித்தேன்.