1476 இரும்புக் கட்டிகள்

நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். கலாசாலையில் விளையாட்டுவழிக் கற்றல் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிப் புள்ளி வாங்கியவர்கள். அதே நாங்கள்தான் புலமைப்பரிசில் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, மகனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போனிலிருந்து மைன்கிராஃப்ட்டை அழித்தோம்.

அவன் அழவில்லை. "திரும்ப டவுன்லோட் பண்ணினாலும் அந்த உலகம் வராது வாப்பா" என்றான். உலகமாம்! சிரித்துவிட்டோம்.

இரண்டு நாள் கழித்து அவனுடைய கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தோம். 9×9, 7×7, 5×5, 3×3. கூட்டினால் 164. அதற்குக் கீழே 164×9=1476. ஒரு பிழை இல்லை. பயிற்சித்தாளில் பெருக்கல் வந்தால் தடுமாறுகிற அதே கை.

"என்ன மகன் இது?" என்று கேட்டதுதான். இஷாவுக்குப் பாங்கு சொல்லும்வரை அவன் நிறுத்தவில்லை.

இரும்புத் தாதை எடுக்க மரப் பிக்காக்ஸ் உதவாதாம், கல்லில் செய்ததாவது வேண்டுமாம். எடுத்ததை உலையில் உருக்கினால் ஒரு கட்டி. மூன்றுக்கு மூன்று கட்டத்தில் ஒன்பது கட்டியை நிரப்பினால் ஒரு இரும்பு புளொக். வேண்டுமென்றால் அந்த புளொக்கைத் திரும்ப ஒன்பது கட்டியாக்கலாம், ஒன்றும் வீணாகாது. (வகுத்தல் பெருக்கலின் மறுதலை என்று நாங்கள் எத்தனை வருடமாகக் கரும்பலகையில் எழுதுகிறோம்!) நாலு புளொக்குக்கு மேல் ஒரு செதுக்கிய பூசணிக்காய் வைத்தால் ஊரைக் காவல் காக்கிற இரும்பு மனிதன் எழும்பிவிடுவான். 164 புளொக்கை நாலு படியாக அடுக்கி உச்சியில் பீக்கன் வைத்தால் ஒளி வானத்துக்குப் போகும், பக்கத்தில் நிற்பவருக்கு வேகமோ பலமோ கிடைக்கும்.

அவன் கீழ் இரண்டு படியையும் முடித்திருந்தான். 130 புளொக். ஒவ்வொன்றாகத் தோண்டி உருக்கிய 1170 கட்டி.

"இன்னும் 34தான் இருந்திச்சு உம்மா."

மன்னிப்புக் கேட்டோம். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது கலாசாலையில் சொல்லித் தராத பாடம், நாக்கு லேசில் வரவில்லை.

பரீட்சை முடிந்த அன்றே புது உலகம் தொடங்கியாச்சு. தோண்டுகிற வேலை எங்களுக்கு. முதல் வாரமே லாவாவில் விழுந்து 14 கட்டியைத் தொலைத்தோம். அவன் ஏசவில்லை. "டோர்ச் வைக்காம ஏன் போனீங்க?" என்று மட்டும் கேட்டான்.

நேற்றிரவு வரை 23 புளொக்.